இரண்டாயிரம் சுற்று

உட்கார்ந்த வேகத்தில் கெண்ட்ராவின் முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது.

அப்பாவின் காரில் யாருக்கும் முழங்கால் இடித்ததில்லை. வெண்டெல் புருபேக்கர் ஆறடி மூன்றங்குலம். இருக்கையை அதன் தண்டவாளத்தில் கடைசிப் பல் வரைக்கும் பின்னால் தள்ளித்தான் வைத்திருப்பார். அவரை உரித்துவைத்த மாதிரி வளர்ந்திருந்த கெண்ட்ராவுக்கே அதில் கால் நீட்ட இடமிருக்கும். இப்போது இருக்கை முழுக்க முன்னால் வந்து பூட்டியிருந்தது. குட்டையான ஒருவர் பெடலை எட்டுகிற தூரம்.

அவள் ஷெட்டுக்கு வந்தது ஒரு புகைப்படத்துக்காக. இன்று மதியம் இரண்டு மணிக்கு அப்பாவைப் பார்வைக்கு வைக்கிறார்கள். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் வைக்க நல்ல படம் ஒன்று வேண்டுமென்று இறுதிச்சடங்குக் கூடத்துக்காரர்கள் கேட்டிருந்தார்கள். காரின் முன்பெட்டியில் ஒன்று இருக்கும் என்று அம்மா சொல்லியிருந்தாள். இருந்தது. கெண்ட்ரா அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். இருக்கையைத் தொடவில்லை.

அது வேலையால் வந்த பழக்கம். இண்டியானாபொலிஸில் ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்காக மோதி நொறுங்கிய கார்களைப் போய்ப் பார்த்து எழுதுகிறவள் அவள். பதினான்கு வருஷம். "நான் ஓட்டல, என் வீட்டுக்காரர்தான் ஓட்டினாரு" என்று வாய் சொல்லும். இருக்கை வேறொன்று சொல்லும். வாயை நம்பி அவள் ஒரு நாளும் கையெழுத்துப் போட்டதில்லை.

இறங்கி பானெட்டைத் தூக்கினாள்.

ஏப்ரல் மாதம் அவள் கடைசியாகப் பார்த்தபோது இந்த இடம் வெறும் பள்ளமாக இருந்தது. எஞ்சின் தனியே ஒரு தாங்கியில், பாதி கழற்றின கோலத்தில் நின்றது. அறுபத்தொன்பதாம் வருஷத்து பான்டியாக். தொழிற்சாலையிலிருந்து வரும்போது முந்நூற்றைம்பது குதிரைத்திறன். அதை ஐந்நூறு ஆக்காமல் விடுவதில்லை என்று அப்பா நாலு வருஷமாகப் பிடிவாதம் பிடித்துக்கொண்டிருந்தார். சிலிண்டர்களை அகலமாகக் குடைந்து, நீள வீச்சுள்ள கிராங்க் போட்டு, மூச்சு நன்றாக வாங்குகிற அலுமினியத் தலைகளை மாட்டி. மாட்டியேவிட்டிருந்தார். பள்ளத்தில் எஞ்சின் உட்கார்ந்திருந்தது, வெளிர்நீலப் பெயின்ட் காய்ந்து பளபளவென்று. ஒரு நட்டு பாக்கியில்லை. புத்தம்புதுப் புகைக்குழாய்கள் மட்டும் எட்டு வாயிலும் பொன்னிறமும் ஊதாவுமாக நிறம் மாறியிருந்தன.

ஓடாத எஞ்சினில் குழாய் நிறம் மாறாது. ஒரு நிமிஷம் உறுமிவிட்டு நிறுத்தினாலும் இவ்வளவு மாறாது.

சனிக்கிழமை போனில் அம்மா சொன்னது இதுதான்: "மருந்து வாங்கக் கடைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து பாத்தா ஷெட்டுல விழுந்து கெடக்குறாரு." எஞ்சின் ஓடினதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மார்ச்சில் அப்பாவின் இதயத்தில் இரண்டு இடத்தில் குழாய் வைத்து அடைப்பெடுத்தார்கள். எடை தூக்கக்கூடாது, குனிந்து நிமிரக்கூடாது என்று டாக்டர் சொன்னார். டாக்டரைவிடக் கறாராகச் சொன்னது கெண்ட்ராதான். "ஷெட் சாவிய நீ வச்சுக்கோ. அவரு என்ன கெஞ்சினாலும் குடுக்காதே. எனக்குச் சத்தியம் பண்ணு." அம்மா சத்தியம் பண்ணினாள். அந்த ஓட்டை டப்பாவை இந்த வீட்டில் அதிகம் வெறுத்தவள் அம்மாதானே. ஞாயிறுதோறும் கெண்ட்ரா போன் பண்ணுவாள். "என்ன பண்றாரு?" "டிவி பாத்துக்கிட்டிருக்காரு." ஏழு மாதமாக அதே பதில்.

முந்நூறு கிலோ எஞ்சின் தானாக நடந்து வந்து காருக்குள் உட்காராது. சங்கிலியில் தொங்கவிட்டு இறக்க ஒருவர், பள்ளத்துக்குள் வழிகாட்டித் தள்ள ஒருவர். கூட யாரோ இருந்திருக்கிறார்கள். சனிக்கிழமையும் இருந்திருக்கிறார்கள். அப்பா விழுந்ததைப் பார்த்துவிட்டு பானெட்டை மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

சமையலறையில் பக்கத்து வீட்டு வில்மா துக்க வீட்டுக்கென்று சுட்டுக் கொண்டுவந்த உருளைக்கிழங்குத் தட்டை வைப்பதற்கு ஃப்ரிட்ஜில் இடம் தேடிக்கொண்டிருந்தாள். ஏற்கெனவே ஐந்து தட்டுகள் வந்திருந்தன, ஐந்திலும் உருளைக்கிழங்கு. அம்மா மாடியில் உடை மாற்றிக்கொண்டிருந்தாள்.

"வில்மா, சனிக்கிழமை ஏதாவது சத்தம் கேட்டுச்சா?"

"சத்தமா? என் அலமாரித் தட்டெல்லாம் ஆடிப்போச்சு!" வில்மா குரலைத் தணித்துக்கொண்டாள். "ஒம்பதரைக்கு ஆரம்பிச்சது. சும்மா ஒரே சீரா, ஏத்தமும் இல்ல எறக்கமும் இல்ல, பத்து மணியாக பத்து நிமிஷம் இருக்கற வரைக்கும் கத்திச்சு. போய் ரெண்டு வார்த்தை கேக்கலாம்னு செருப்பு மாட்டிட்டேன், அப்பப் பாத்து நின்னுபோச்சு. கொஞ்ச நேரத்துல ஆம்புலன்ஸ் வருது. நான் மட்டும் போயிருந்தா…"

"யாரோட வண்டியாச்சும் வெளியே நின்னுதா?"

"என் ஜன்னல்தான் அந்தப் பக்கம் இல்லியே. உங்கப்பா ஷெட்டு வாசல் சோளக்காட்டப் பாத்தில்ல இருக்கு." பிறகு அவள் கெண்ட்ராவை ஒரு மாதிரி பார்த்தாள். "ஏன் கேக்குற?"

"சும்மாதான்."

வில்மா போனதும் கெண்ட்ரா ஜன்னலோரம் இருந்த மருந்துப் பையை எடுத்துப் பார்த்தாள். ஒட்டியிருந்த சீட்டில் வியாழக்கிழமை தேதி இருந்தது. வேறு பை இருக்கிறதா என்று இழுப்பறைகளைத் திறந்தாள். குப்பைக் கூடையைக்கூடக் கிளறினாள். பெற்ற தாயின் குப்பையைக் கிளறுகிறோம் என்று கூசியது. ஆனால் கை நிற்கவில்லை. சனிக்கிழமைப் பை எதுவும் இல்லை.

அம்மா கிளெண்டா படியிறங்கி வந்தாள். கருப்பு உடை. ஐந்தடியும் கொஞ்சமும்தான் உயரம். துக்கம் அதிலும் ஓர் அங்குலத்தைத் தின்றிருந்தது.

"படம் கெடச்சுதா?"

"கெடச்சுது. அம்மா, சனிக்கிழமை எந்தக் கடைக்குப் போன?"

"எப்பவும் போறதுதான்." கிளெண்டா கைப்பையைத் திறந்து சாவி இருக்கிறதா என்று பார்த்தாள். "கெளம்பு, நேரமாச்சு."

கூடத்தில் ஊரே வரிசையில் நின்றது. அப்பா முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூட பஸ்களுக்கு மெக்கானிக்காக இருந்தவர். அவர் பிரேக் சரிபார்த்த பஸ்ஸில் ஏறாத ஆள் இந்த வெல்டன் ஊரில் கிடையாது. ஒவ்வொருவரும் பெட்டிக்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்று, "எவ்வளவு அமைதியா இருக்காரு பாரு" என்றார்கள். கெண்ட்ரா கைகுலுக்கிக்கொண்டே ஒவ்வொரு ஆண்பிள்ளையின் உயரத்தையும் அளந்தாள்.

மூன்றரை மணிக்கு லோவெல் பிங்க்லி வந்தார்.

லோவெல் அப்பாவின் பால்ய நண்பர். நெடுஞ்சாலை ஓரத்தில் எஞ்சின் கடைசல் பட்டறை வைத்திருக்கிறார். அப்பாவின் சிலிண்டர்களைக் குடைந்து கொடுத்தது அவர்தான். நல்ல குட்டை. சின்ன வயசிலிருந்து அப்பா அவரை "முளைக்குச்சி" என்றுதான் கூப்பிடுவார். அவர் பெட்டியருகே அதிக நேரம் நிற்கவில்லை. முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. அம்மாவிடம் வந்தார். இரண்டு கையாலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அம்மா அவர் காதருகே ஏதோ சொன்னாள். அவர் தலையாட்டினார். பிடித்த கையை விடவேயில்லை.

இருவரும் பள்ளியில் ஒரு வருஷம் ஜோடியாகச் சுற்றினவர்கள். குடும்பத்தில் எல்லோரும் சொல்லிச் சிரிக்கிற பழைய கதை. இன்று அது சிரிக்கிற கதையாகத் தோன்றவில்லை. அம்மா யாரைக் காப்பாற்றுவதற்காகப் பொய் சொல்கிறாள் என்கிற கேள்விக்குக் கெண்ட்ராவின் மனசு தானாகவே ஒரு பதிலை எழுதிக்கொண்டிருந்தது. அசிங்கமான பதில். அழிக்க அழிக்க மேலே வந்தது.

லோவெல் வெளியேறியதும் பின்னாலேயே போனாள். கார் நிறுத்துமிடத்தில் தன் லாரியின் கதவைத் திறந்துகொண்டிருந்தார்.

"லோவெல், ஒரு நிமிஷம். சனிக்கிழமை அப்பாகூட ஷெட்டுல இருந்தது நீங்கதானே?"

அவர் திரும்பினார். "என்னது?"

"இருக்கை முன்னால இழுத்திருக்கு. எஞ்சின் இருபது நிமிஷம் ஓடியிருக்கு. உள்ள உக்காந்து ஆக்சிலரேட்டர மிதிச்சது யாரு? அவரு விழுந்ததப் பாத்துட்டுப் போயிட்டீங்களா? எங்கம்மாவ வேற பொய் சொல்ல வச்சிருக்கீங்க."

லோவெலின் முகம் சிவந்தது. பிறகு அந்தச் சிவப்பு வடிந்துபோயிற்று. லாரிக் கதவை மெல்லச் சாத்தினார்.

"ஏம்மா, உங்கப்பன் என்கிட்ட பேசியே ரெண்டரை மாசம் ஆச்சு, தெரியுமா உனக்கு?"

"தெரியாது."

"ஆகஸ்ட்ல சண்ட. வால்வத் தெறந்து மூடுற கேம் தண்டு விஷயமா. உருளை வச்ச கேம் போடுடா, அதுதான் இப்ப எல்லாரும் போடுறது, போட்டமா ஓட்டினமான்னு இருக்கலாம்னு சொன்னேன். கேக்க மாட்டேன்னுட்டான். கம்பெனி அந்தக் காலத்துல என்ன போட்டானோ அந்த வகைதான் போடுவேன்னான். பழைய வகைன்னா மொத மொத ஸ்டார்ட் பண்ணின உடனே சும்மா விட முடியாது. நிமிஷத்துக்கு ரெண்டாயிரம் சுத்துல இருபது நிமிஷம் விடாம ஓட்டணும். நடுவுல எறக்கினா கேம் தேஞ்சு, அந்தத் துகள் எஞ்சின் பூரா போயி, நாலு வருஷ உழைப்பு காயலாங்கடைக்கு. உன் நெஞ்சுக்கு இந்த டென்ஷன் ஆகாதுடான்னேன். வெளிய போன்னுட்டான். என்னைய!"

அவர் கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்தார்.

"போன வாரம் பெட்ரோல் பங்க்ல பாத்தேன். கைகூட ஆட்டல. போறப்ப மட்டும், 'நீ இல்லாமயே எஞ்சின எறக்கிட்டேன் முளைக்குச்சி, உன்னவிட நல்ல கை கெடச்சிருக்கு'ன்னான். அவ்ளோ பெருமை மூஞ்சியில. நான் உன்னத்தான் சொல்றான்னு நெனச்சேன். வாரக் கடைசில வந்து போறே போலன்னு. இப்பக்கூட உங்கம்மாகிட்ட அதத்தான் கேட்டேன். கெண்ட்ராதானே கூட இருந்ததுன்னு. அவ 'அப்புறம் பேசுவோம்'னா." அவர் கெண்ட்ராவின் முகத்தைப் பார்த்தார். "நீ இல்லியா அப்போ?"

கெண்ட்ரா கூடத்துப் பக்கம் திரும்பினாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம் அம்மா தெரிந்தாள். யாரோ குனிந்து அவளைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லோருமே அவளைக் கட்டிக்கொள்ளக் குனிய வேண்டியிருந்தது.

ஐந்து மணிக்குக் கூட்டம் கலைந்தது. குடும்பத்தார் கொஞ்ச நேரம் தனியாக இருக்கட்டும் என்று கூடத்துக்காரர் கதவுகளைச் சாத்திவிட்டுப் போனார். கெண்ட்ரா பெட்டியின் ஒரு பக்கம் நின்றாள். அம்மா மறுபக்கம் நாற்காலியில் உட்கார்ந்து செருப்பிலிருந்து வலதுகாலை மட்டும் வெளியே எடுத்து வைத்திருந்தாள்.

"லோவெல்கிட்ட பேசினேன்."

"பாத்தேன்."

"நீதானா?"

கிளெண்டா அப்பாவின் சட்டைக் கையில் இல்லாத சுருக்கத்தை நீவினாள். "ஆகஸ்ட்லேர்ந்து. லோவெல அனுப்பிட்டு தனியா சங்கிலிய இழுக்க ஆரம்பிச்சுட்டாரு. சாவிய ஒளிச்சு வச்சா பூட்ட ஒடச்சாரு. தனியா செத்துப்போறதுக்குப் பதிலா நான் கூட நின்னாலாவது பாரத்த நான் இழுக்கலாமேன்னு போனேன். போனா…" அவள் சட்டென்று நிறுத்தினாள். "புடிச்சுப்போச்சுடி. நாப்பத்திநாலு வருஷமா ஏதோ வம்புக்குத் திட்டிக்கிட்டிருந்தேன். பிஸ்டன் வளையம் மாட்டுறதுக்கு என் விரல்தான் சரியா இருக்குன்னாரு. எட்டையும் நான்தான் மாட்டினேன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? சத்தியம் வாங்கியிருக்கியே. நீ போன் பண்றப்ப ரெண்டு பேரும் கிரீஸ் கையோட நிப்போம். டிவின்னு சொல்லுன்னு சைகை காட்டுவாரு."

கெண்ட்ரா பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "சனிக்கிழமை?"

"நான் உள்ள உக்காந்தேன். அவரு முன்னாடி நின்னாரு, ஆயில் கசியுதா, தண்ணி கசியுதான்னு பாக்க. பானெட்டு தூக்கியிருக்கு, எனக்கு எதுவுமே தெரியல. இரும்புச் சுவர் மாதிரி மறைக்குது. 'என்ன ஆனாலும் கால எடுக்காதே கிளெண்டா, முள்ளு ரெண்டாயிரத்துலயே நிக்கணும்'னாரு. நான் முள்ளையும் கடிகாரத்தையும்தான் பாத்துக்கிட்டிருந்தேன். காதுல வேற எதுவும் விழல. இருபது நிமிஷம் ஆனதும் நிறுத்தினேன். நிறுத்திட்டு, 'எப்படி என் கால்?'னு கேட்டேன். பதில் இல்ல. சுத்தி வந்து பாத்தேன்."

வெளியே யாரோ நாற்காலிகளை மடித்து அடுக்கும் சத்தம் கேட்டது.

"தரையில கெடந்தாரு. எனக்கு எட்டடி தூரத்துல." அவள் கெண்ட்ராவை நிமிர்ந்து பார்த்தாள். "பரிசோதனை பண்ணின டாக்டரு உடனே போயிருக்கும்னாரு. கீழ விழுறதுக்கு முன்னாடியேன்னாரு. அத எனக்காகச் சொன்னாரா, நெஜமாவா? உனக்குத்தான் இந்த மாதிரி பேச்செல்லாம் தெரியுமே."

தெரியும். விபத்தில் பிள்ளையை இழந்தவர்களிடம் கெண்ட்ராவே அந்த வாக்கியத்தைச் சொல்லியிருக்கிறாள். எந்தக் குரலில் சொல்ல வேண்டும் என்றுகூடத் தெரியும்.

"நெஜமாத்தான்," என்றாள்.

அம்மா தலையாட்டினாள். நம்பினாளா என்று சொல்ல முடியாத ஒரு தலையாட்டல். எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளா என்பதிலும் கெண்ட்ராவுக்குச் சந்தேகம் இருந்தது. அவள் பார்த்தவரைக்கும், முதல் வாக்குமூலத்தில் மனிதர்கள் ஒன்றை மட்டும் கையில் பொத்தி வைத்துக்கொள்வார்கள். அன்றிரவு அவள் எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் காலை புதைத்தார்கள். மண் ஈரமாக இருந்தது. பிறகு தேவாலயத்தின் அடித்தளத்தில் பன்றித்தொடையும் உருளைக்கிழங்கும் பூசணிக்காய் இனிப்பும். லோவெல் ஒரு மேஜை தள்ளி உட்கார்ந்து எதையும் சாப்பிடாமல் முள்கரண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார். கெண்ட்ரா அவர் அருகே போய், "நேத்து நான் பேசினது தப்பு" என்றாள். அவர் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டார். "ஆறுறதுக்குள்ள காபி குடி" என்றார். அவ்வளவுதான்.

மூன்று மணிக்கு வீட்டுக்கு வந்தார்கள். கெண்ட்ரா உடை மாற்றிக்கொண்டு கீழே வந்தபோது அம்மாவைக் காணவில்லை. ஷெட் கதவு திறந்திருந்தது. அறுவடை இயந்திரம் எதிர்ப்புறச் சோளக்காட்டில் போய்க்கொண்டிருந்தது. தூசி வாசல்வரைக்கும் வந்தது. கிளெண்டா கருப்பு உடையோடு காரின் முன்னால் நின்றிருந்தாள்.

"ஆயில வடிக்கணும்," என்றாள். "இருபது நிமிஷம் முடிஞ்சதும் மொத வேலை அதுதான்னு சொல்லியிருந்தாரு. நாலு நாளாச்சு."

"சூடா இருக்கறப்பவே வடிக்கணும். இப்ப கெட்டியா வரும்."

"வரட்டும்."

கெண்ட்ரா ஜாக்கி வைத்து முன்பக்கத்தைத் தூக்கி, தாங்கிகளை நிறுத்தி, மல்லாந்து அடியில் நுழைந்தாள். அம்மா கைவிளக்கை ஏந்திக்கொண்டு பம்பருக்குக் கீழே குந்தினாள். உடையின் ஓரம் தரையில் புரண்டது. கெண்ட்ராவுக்கு அவளது இரண்டு முழங்கால்களும் விளக்கைப் பிடித்த கையும்தான் தெரிந்தன. ஆயில் பிடிக்கும் தட்டை நகர்த்தி வைத்து அடி நட்டைத் தளர்த்தினாள். கடைசி மரையைக் கையால் திருகி எடுத்தபோது ஆயில் கனமாக, சத்தமில்லாமல் இறங்கியது.

"கெண்ட்ரா."

"ம்."

"அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவ கைய நீட்டுறேன்னாரு. பானெட்டுக்குப் பக்கவாட்டுல. கட்டைவிரல் தூக்கினா எல்லாம் சரின்னு அர்த்தம்." விளக்கு அசையவில்லை. "மொதல் தடவ வந்துது. ரெண்டாவது தடவயும் வந்துது. அப்புறம் வரல."

தூரத்தில் அறுவடை இயந்திரம் வரப்போரம் திரும்பும் ஓசை கேட்டது.

"குனிஞ்சு ஏதோ பாத்துக்கிட்டிருக்காருன்னு நெனச்சேன். அப்படித்தான் நெனச்சேன்னு இப்ப சொல்றேன். முள்ளு ரெண்டாயிரத்துலயே நின்னுது. ஒரு தடவகூட எறங்கல."

கெண்ட்ரா ஆயிலுக்குக் கீழே இரண்டு விரலை நீட்டினாள். விரல்களைத் தேய்த்துப் பார்த்தாள்.

"வெளிச்சத்த இந்தப் பக்கம் காட்டும்மா."

விளக்கு நகர்ந்து வந்தது. விரலில் வெறும் கருமைதான் இருந்தது. துகள் எதுவும் நெருடவில்லை, எங்கும் மினுங்கவில்லை. அவள் கையை விளக்கருகே நீட்டினாள். அம்மா தன் விரலை அதன்மேல் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். கையை உடனே எடுக்கவில்லை.

கெட்டியாக இறங்கிக்கொண்டிருந்த ஆயில் மெல்ல மெலிந்து நூலாயிற்று. பிறகு நூலும் அறுந்து, சொட்டாயிற்று. ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் நடுவே இடைவெளி கூடிக்கொண்டே போனது. நட்டு கெண்ட்ராவின் இன்னொரு கையில் இருந்தது. அவள் அதை மாட்டவில்லை. அம்மாவும் மாட்டச் சொல்லவில்லை.